"பேருக்குத்தாம்மா, ஒரு கையெழுத்து": போர்டில் பெண் இயக்குநராகச் சம்மதிக்கலாமா?

இந்த வாரக் கடிதம் நீளமானது. எழுதியவர் யாரென்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 46 வயது. வேதியியலில் முதுகலை முடித்து, பன்னிரண்டு வருடம் கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு, மாமியார் படுக்கையில் விழுந்தபோது வேலையை விட்டவர். கணவரும் கணவரின் அண்ணனும் சேர்ந்து ஒரு நூற்பாலை நடத்துகிறார்கள், கூடவே இரண்டு வருடமாகச் சாயப்பட்டறையும் உண்டு. பங்குச் சந்தையில் இல்லாத பப்ளிக் லிமிடெட் கம்பெனி. போன வருடக் கணக்கில் விற்றுமுதல் 300 கோடியைத் தாண்டிவிட்டதால், போர்டில் ஒரு பெண் இருந்தே ஆக வேண்டும் என்று ஆடிட்டர் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவரின் அண்ணன் (இவர் 'மாமா' என்று கூப்பிடுவார்) ஒரு ஃபைலோடு வீட்டுக்கு வந்திருக்கிறார். ஏழு தாள், ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. "பேருக்குத்தாம்மா. கூட்டத்துக்கெல்லாம் நீ வர வேண்டாம், நாங்க பாத்துக்கறோம்."

படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டு, தாள்களைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார். கேள்விகள் இவை. மில்லில் ஒரு பங்குகூட இல்லாத எனக்கு என்ன பொறுப்பு வந்துவிடும்? அப்பா எழுதி வைத்த வீடு என் பெயரில் இருக்கிறது, அது போய்விடுமா? நான் மறுத்தால் மில்லை மூடிவிடுவார்களா? கணக்கு வழக்கே தெரியாத நான் அங்கே உட்கார்ந்து என்ன செய்வது? கடைசியாக, பெண்கள் போர்டில் இருந்தால் லாபம் கூடும் என்று சி.ஏ. படிக்கும் மகள் ஏதோ அறிக்கையைக் காட்டுகிறாள், மாமாவோ எல்லாம் அரசாங்கத்தின் நாடகம் என்கிறார், எது உண்மை?

வணக்கம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எழுதினீர்களே, அதுவே பெரிய காரியம். இந்த மாதிரி விஷயத்துக்காக என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சம்மன் வந்த பிறகுதான் வருகிறார்கள்.

ஆடிட்டர் சொன்னது சரி. 2013 கம்பெனிச் சட்டத்தின் 149-ஆம் பிரிவும் அதன் விதிகளும் சொல்வது இதுதான்: பங்குச் சந்தையில் பட்டியலிட்ட எல்லா கம்பெனியிலும், பட்டியலிடாத பப்ளிக் கம்பெனி என்றால் செலுத்தப்பட்ட மூலதனம் 100 கோடியோ விற்றுமுதல் 300 கோடியோ எட்டியதிலும், குறைந்தது ஒரு பெண் இயக்குநர் இருக்க வேண்டும். சந்தை மதிப்பில் முதல் 1000 இடத்தில் இருக்கும் கம்பெனிகளுக்கு, பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் வாரியமான செபி இன்னும் ஒரு படி மேலே போய், அந்தப் பெண் சுயேச்சை இயக்குநராக, அதாவது முதலாளி குடும்பத்தோடு சம்பந்தமில்லாதவராக இருக்க வேண்டும் என்கிறது. அது உங்கள் மில்லுக்குப் பொருந்தாது.

மறுத்தால் மில்லை மூடிவிடுவார்களா என்றால், இல்லவே இல்லை. 172-ஆம் பிரிவின்படி அபராதம் வரும். 50,000 ரூபாயில் தொடங்கி, சரிசெய்யாத ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய், கம்பெனிக்கு அதிகபட்சம் 3 லட்சம், பொறுப்பான அதிகாரி ஒவ்வொருவருக்கும் அதிகபட்சம் 1 லட்சம். 300 கோடி புரளும் இடத்தில் இது வலிக்கும் தொகை இல்லை. பதிவேட்டில் ஒரு கறை, வங்கிக்காரர் கேட்கும் ஒரு கேள்வி, அவ்வளவுதான். அதனால் 'மில்லே உன் கையிலதான் இருக்கு' என்று யாராவது கண்ணைக் கசக்கினால் நீங்கள் பதற வேண்டாம்.

இன்னொன்று, வீட்டுப் பெண்தான் வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. விற்றுமுதல் 100 கோடியைத் தொட்டபோதே உங்கள் மில்லின் போர்டில் இரண்டு சுயேச்சை இயக்குநர்கள் வந்திருக்க வேண்டும். அந்த இரண்டில் ஒருவர் பெண்ணாக இருந்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கணவர் இயக்குநர் என்பதால் நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார முடியாது, ஆனால் வெளியே தகுதியான பெண்கள் நிறைய இருக்கிறார்கள். சுயேச்சை இயக்குநர்களுக்கென்றே தேர்வு வைத்து அரசு ஒரு தகவல் தொகுப்பும் வைத்திருக்கிறது. மாமா ஏன் அதைத் தேடாமல் உங்களிடம் வந்தார்? வெளியாள் வந்தால் கேள்வி கேட்பார், நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கைதான். குற்றமாகச் சொல்லவில்லை. பட்டியலிட்ட கம்பெனிகளுக்கு 2015 ஏப்ரல் 1 கெடு வந்தபோதும் நாடு முழுக்க இதுதான் நடந்தது, கடைசி நேரத்தில் மனைவி, மகள், தங்கை என்று வரிசையாகப் போர்டுக்குள் வந்தார்கள்.

பொறுப்பு எவ்வளவு, வீடு போகுமா

இங்கேதான் உங்கள் கணக்கில் ஒரு பிழை. பங்கு இல்லை என்றால் பொறுப்பு இல்லை என்று நினைக்கிறீர்கள். பங்குக்கும் இயக்குநர் பொறுப்புக்கும் சம்பந்தமே கிடையாது. 166-ஆம் பிரிவு இயக்குநரின் கடமைகளைச் சொல்கிறது: நல்லெண்ணத்தோடு, தக்க கவனத்தோடு, சொந்தமாக யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்று. 'பேருக்கு இயக்குநர்' என்று தனியாக ஒரு இனத்தைச் சட்டம் படைக்கவில்லை.

அதே சட்டம் உங்களுக்கு ஒரு குடையும் தருகிறது, 149(12). அன்றாட நிர்வாகத்தில் இல்லாத இயக்குநர், அவர் புரோமோட்டராகவோ (கம்பெனியைத் தன் பிடியில் வைத்திருக்கும் முதலாளி) முக்கிய நிர்வாகியாகவோ இல்லாத பட்சத்தில், போர்டு வழியாகத் தமக்குத் தெரிந்து, தம் சம்மதத்தோடோ உடந்தையாகவோ நடந்த தவறுக்கும், கவனமாக நடந்துகொள்ளாததால் நடந்த தவறுக்கும் மட்டுமே பொறுப்பு. அந்தக் கடைசிச் சொற்களை இன்னொரு முறை படியுங்கள். கூட்டத்துக்கே போகாமல் கையெழுத்து மட்டும் போட்டவர், நான் கவனமாகத்தான் இருந்தேன் என்று எந்த வாயால் சொல்வார்? குடை இருக்கிறது, ஆனால் அதை விரிப்பதற்கு நீங்கள் கூட்டத்தில் இருக்க வேண்டும். மழை வந்த பிறகு, கூட்டத்தில் நடந்ததைப் பதியும் மினிட்ஸ் புத்தகத்தைத் தேடிப் பிரயோஜனம் இல்லை. கம்பெனியின் ஆண்டு அறிக்கைப் படிவத்தில் உங்கள் பெயரைப் புரோமோட்டர் என்று போட்டுவிட்டாலும் குடை போச்சு, அதனால் எப்படிக் காட்டப் போகிறார்கள் என்று கம்பெனி செக்ரட்டரியிடம் எழுத்தில் கேளுங்கள்.

'கூட்டத்துக்கு வர வேண்டாம்' என்று மாமா சொன்னதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பன்னிரண்டு மாதத்தில் நடந்த எந்தப் போர்டு கூட்டத்துக்கும் ஒரு இயக்குநர் வரவில்லை என்றால், விடுப்பு கேட்டிருந்தாலும் சரி கேட்காவிட்டாலும் சரி, 167-ஆம் பிரிவின்படி அவர் பதவி தானாகவே காலி. அதாவது மாமா சொன்ன மாதிரியே நடந்தால் ஒரு வருடத்தில் மில்லில் மறுபடியும் பெண் இயக்குநர் இருக்க மாட்டார், வராதவர் வந்ததாக மினிட்ஸில் எழுதினால் ஒழிய. அப்படி எழுதினால் அது பொய்யாவணம். வருடத்துக்கு நான்கு கூட்டம் கட்டாயம், வீடியோ வழியாகவும் கலந்துகொள்ளலாம். மாமியாரை விட்டு நகர முடியாத நாளில்கூட முடியும்.

செக் பவுன்ஸ் பற்றிப் பயந்திருக்கிறீர்கள். இயக்குநர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது, சம்பவம் நடந்த நேரத்தில் வியாபாரத்தை நடத்தும் பொறுப்பில் இருந்தார் என்று புகாரில் குறிப்பாகச் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொல்லிவிட்டது. ஆனால் செக்கில் கையெழுத்துப் போட்டவர் தப்ப முடியாது. உங்கள் ஏழு தாள்களில் ஐந்தாவது என்ன தெரியுமா? வங்கிக்கான மாதிரிக் கையெழுத்து அட்டை. பெண் இயக்குநருக்குச் செக்கில் கையெழுத்துப் போடும் வேலை எதற்கு? அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனியின் கடன் கம்பெனியோடுதான். இயக்குநர் என்பதற்காக மட்டும் வங்கி உங்கள் அப்பா கொடுத்த வீட்டுக் கதவைத் தட்ட முடியாது (மோசடியில் பங்கு என்று நிரூபணமானால் அது வேறு கதை). அந்தக் கதவைத் திறந்துவிடுவது ஏழாவது தாள், தனிப்பட்ட ஜாமீன் பத்திரம். ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி, வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். முதலில் கம்பெனியிடம் கேட்டுவிட்டு அப்புறம் உங்களிடம் வர வேண்டும் என்றுகூட இல்லை. 2019 டிசம்பர் 1 முதல் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்கள்மீது திவால் சட்டப்படியே நடவடிக்கை எடுக்கலாம், உச்ச நீதிமன்றமும் 2021-இல் அது செல்லும் என்றுவிட்டது. வங்கி கேட்கத்தான் செய்யும், அது அவர்கள் வேலை. இயக்குநரானால் ஜாமீன் கொடுத்தே தீர வேண்டும் என்று கம்பெனிச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

ஆறாவது தாளைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது. தேதி போடாத ராஜினாமா கடிதம். நீங்கள் எக்குத்தப்பாகக் கேள்வி கேட்டால் அன்றைய தேதியைப் போட்டு அனுப்பிவிடலாம் அல்லவா, அதற்கு. கிழித்துப் போடுங்கள். ராஜினாமா செய்வது உங்கள் உரிமை, 168-ஆம் பிரிவு தருகிறது. கம்பெனிக்குக் கடிதம் கிடைத்த நாள், கடிதத்தில் நீங்கள் குறிப்பிட்ட நாள், இரண்டில் எது பிந்தியதோ அன்று முதல் செல்லும், யாரும் ஏற்றுக்கொள்ளக் காத்திருக்க வேண்டாம். கம்பெனி பதிவாளருக்குத் தெரிவிக்காமல் இழுத்தடித்தால் டிஐஆர்-11 படிவத்தை நீங்களே தாக்கல் செய்யலாம். இருந்த காலத்தில் நடந்த தவறுக்கு மட்டும் விலகிய பிறகும் பொறுப்பு தொடரும்.

தம்பியின் பேப்பர் கோன்

கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், உங்கள் தம்பி பார்ட்னராக இருக்கும் நிறுவனம் மில்லுக்கு நூல் சுற்றும் பேப்பர் கோன் சப்ளை செய்கிறது என்று. நீங்கள் கேட்காத கேள்வி இது, ஆனால் எனக்கு இதுதான் உறுத்தியது. இன்று வரை அது சாதாரண சப்ளை. நீங்கள் இயக்குநரான நாளிலிருந்து, இயக்குநரின் சகோதரர் பார்ட்னராக உள்ள நிறுவனம் என்பதால் சட்டத்தின் கண்ணில் அது 'தொடர்புடைய தரப்பு' ஆகிவிடும். தணிக்கைக் குழு ஒப்புதல் வேண்டும், சந்தை விலையில் இல்லை என்றால் போர்டு ஒப்புதலும் வேண்டும். அந்த விஷயம் போர்டுக்கு வரும்போது நீங்கள் அறையில் இருக்கக் கூடாது. மூன்றாவது தாளான எம்பிபி-1 இதையெல்லாம் அறிவிப்பதற்கான படிவம், மாமா அதை வெற்றாகக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். தம்பியின் பெயரை உங்கள் கையாலேயே எழுதுங்கள், தம்பியிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாளைக்கு உங்கள் கணவருக்கும் மாமாவுக்கும் இடையே ஏதாவது வந்தால் முதலில் கையில் எடுக்கும் கம்பு இதுவாகத்தான் இருக்கும்.

லாபம் கூடுமா, நாடகமா

மகளும் மாமாவும் ஆளுக்குப் பாதி சரி. மகள் காட்டியது அநேகமாக மெக்கின்சி மாதிரியான ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கையாக இருக்கும். பெண்கள் அதிகம் உள்ள கம்பெனிகள் அதிகம் சம்பாதிக்கின்றன என்று 2015 முதல் அவர்கள் சொல்லி வருகிறார்கள். அதே முடிவு வருகிறதா என்று அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளை வைத்து இரண்டு ஆய்வாளர்கள் சரிபார்த்து 2024-இல் வெளியிட்டார்கள், வரவில்லை. எது முதலில் என்பதும் தெரியாது, நன்றாக ஓடும் கம்பெனிக்குத்தான் பெண்களைச் சேர்க்கும் தெம்பு வருகிறது என்றும் இருக்கலாம். 140 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு 2015 ஆய்வில், கணக்குப் புத்தக லாபத்தோடு சின்ன அளவில் நல்ல தொடர்பு தெரிந்தது, சந்தை மதிப்போடு கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. 2003-இல் சட்டம் போட்டு 2008-க்குள் 40 சதவீதத்தைக் கொண்டுவந்த நார்வேயில் பங்கு மதிப்பு விழுந்தது என்று ஒரு ஆய்வு, விழவே இல்லை என்று அடுத்தது. ஆக, நீங்கள் போய் உட்கார்ந்ததும் நூல் விலை ஏறாது.

ஆனால் போர்டு வேலை செய்யும் விதம் மாறுகிறது, அது ஓரளவு உறுதியாகத் தெரிகிறது. அமெரிக்கக் கம்பெனிகளை ஆராய்ந்த 2009 ஆய்வு ஒன்று எனக்குப் பிடித்தமானது. பெண் இயக்குநர்கள் கூட்டத்தைத் தவறவிடுவது குறைவு, சரி, பெண்கள் அதிகம் உள்ள போர்டில் ஆண்களும் ஒழுங்காகக் கூட்டத்துக்கு வருகிறார்களாம்! தணிக்கை மாதிரியான கண்காணிப்புக் குழுக்களில் பெண்கள் அதிகம் உட்காருகிறார்கள், தலைமை நிர்வாகி சரியில்லை என்றால் அவரை மாற்றுவதும் அதிகம் நடக்கிறது. ஏற்கெனவே கண்டிப்பாக நடக்கும் கம்பெனியில் இந்தக் கூடுதல் கண்காணிப்பு லாபத்தைக் குறைக்கவும் செய்யலாம் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. நேர்மையான ஆய்வு. உங்கள் குடும்ப மில் அளவுக்கு மீறிக் கண்காணிக்கப்படுகிறது என்ற கவலை எனக்கு இல்லை.

இதெல்லாம் வந்து உட்கார்கிற பெண்ணால் நடப்பது. ஃபைலில் மட்டும் இருக்கும் பெயரால் எந்த ஆய்விலும் எந்த நன்மையும் வராது. மாமா நாடகம் என்கிறாரே, அவர் உங்களுக்குக் கொடுக்க வந்த வேஷம்தான் நாடகம்.

ஒரே பெண்ணாக இருப்பதில் ஒரு சங்கடமும் உண்டு. மூன்று பேராவது இருந்தால்தான் 'பெண்' என்ற அடையாளம் போய் இயக்குநர் என்று மற்றவர்கள் பார்க்கத் தொடங்குகிறார்கள் என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. தனியாக இருந்தால் என்ன நடக்கும் என்று இப்போதே சொல்கிறேன்: வங்கிக் கடன் பேசும்போது உங்கள் பக்கம் யாரும் திரும்ப மாட்டார்கள், பெண்கள் ஹாஸ்டல் சாப்பாடு என்று வந்ததும் "அம்மாகிட்ட கேளுங்க" என்பார்கள். கேட்டால் விட்டுவிடாதீர்கள், அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பாலியல் தொல்லை தடுப்புச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்கிறதா, புகார்ப் பெட்டி எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது குழு கூடியது என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். குழு அமைத்திருக்கிறோம் என்று போர்டு அறிக்கையில் எழுதி உங்கள் எல்லோர் சார்பிலும்தான் அனுப்புகிறார்கள்.

அப்புறம், கணக்கு தெரியாது என்றீர்களே. பேலன்ஸ் ஷீட்டை மூன்று மாதத்தில் மகளே சொல்லிக்கொடுத்துவிடுவாள். சாயப்பட்டறையின் கழிவுநீர் ஆய்வறிக்கையைப் படிக்கத் தெரிந்த இயக்குநர் அந்த மேஜையில் இன்று யார்? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரில் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றது உங்கள் வீட்டாருக்கு நினைவிருக்கும். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின்) அளவு ஒரே எண்ணாக ஆறு மாதமும் வந்தால் அது அளந்து எழுதியதா, பார்த்து எழுதியதா என்று வேதியியல் வாத்தியாருக்குத் தெரியாமலா போகும்?

சம்மதிப்பதானால்

என் அபிப்பிராயம், போங்கள். ஆனால் மாமா கொண்டுவந்த ஃபைலோடு அல்ல. முதல் இரண்டு தாள், சம்மதமும் தகுதி உறுதிமொழியும், படித்துவிட்டுக் கையெழுத்திடலாம். கையெழுத்திடும் முன் கடந்த மூன்று வருடக் கணக்குகளும் ஆண்டு அறிக்கைகளும் பதிவாளரிடம் தாக்கலாகியிருக்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்து மூன்று வருடம் தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநர்கள் ஐந்து வருடத்துக்கு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக முடியாது, 2017-இல் அப்படி ஒரே வீச்சில் சுமார் 3 லட்சம் பேரைத் தகுதி நீக்கம் செய்தார்கள். தொழிற்சாலைச் சட்டங்களில் 'ஆக்குபையர்', அதாவது தொழிற்சாலைக்குப் பொறுப்பாளி, என்று ஒரு இயக்குநரைக் காட்ட வேண்டும், விபத்து நடந்தால் முதலில் தேடுவது அவரைத்தான். அந்தப் பெயர் உங்களுடையது இல்லை என்று எழுதி வாங்குங்கள்.

நான்காவது தாள் டிஜிட்டல் கையொப்பத்துக்கான விண்ணப்பம். இதில்தான் நல்லவர்கள் ஏமாறுகிறார்கள். ஒரு அலுவலகத்தில் மேஜை டிராயரைத் திறந்தபோது நானே பார்த்தேன், டிஜிட்டல் கையொப்பம் அடங்கிய முப்பது நாற்பது யுஎஸ்பி டோக்கன், ஒவ்வொன்றிலும் வெள்ளை ஸ்டிக்கரில் ஒரு பெயர், கீழேயே பின் நம்பர். பாதிக்கு மேல் பெண்கள் பெயர். உங்கள் டோக்கன் உங்கள் பீரோவில் இருக்கட்டும். கையெழுத்து வேண்டும் என்றால் ஆவணத்தை முதலில் அனுப்பட்டும், படித்துவிட்டு நீங்களே போடுங்கள்.

கூட்டத்தில் ஒரு முடிவு பிடிக்கவில்லை என்றால் வாயால் சொன்னது போதாது. மினிட்ஸ் வரைவு பதினைந்து நாளுக்குள் உங்களுக்கு வர வேண்டும், ஏழு நாளுக்குள் திருத்தம் சொல்லலாம். உங்கள் மறுப்பு அதில் இல்லை என்றால் மின்னஞ்சலில் எழுதுங்கள், அந்த மின்னஞ்சல்தான் பிற்காலத்தில் உங்கள் குடை. அமர்வுக் கட்டணத்தையும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பெண் இயக்குநருக்கு மற்ற இயக்குநர்களுக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகக் கொடுக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. குடும்பம்தானே என்று விட்டுக்கொடுத்தால் அடுத்து கேள்வி கேட்கும் உரிமையையும் குடும்பம்தானே என்பார்கள்.

ஜாமீன் பத்திரம் இல்லாமல், தேதியில்லா ராஜினாமா இல்லாமல், கூட்டத்துக்கு வருவேன் என்ற பேச்சோடு நீங்கள் சம்மதம் சொன்னால் மாமா முகம் சுருங்கலாம். அப்படியானால் வெளியிலிருந்து ஒரு சுயேச்சைப் பெண் இயக்குநரைப் பார்க்கச் சொல்லுங்கள். அவரும் ஜாமீன் கொடுக்க மாட்டார், அதோடு மாமா என்றும் கூப்பிட மாட்டார்.

கடிதத்தின் அடியில் சின்ன எழுத்தில், போர்டு கூட்டத்தில் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்களே. மினிட்ஸில் 'தலைவர்' என்றுதான் எழுதுவார்கள். நீங்கள் 'மாமா' என்றே கூப்பிடுங்கள். "மாமா, இந்த மாசம் கழிவுநீர் ரிப்போர்ட் ஃபைலில் இல்லையே" என்று சொன்னாலும் அது மினிட்ஸில் ஏறத்தான் வேண்டும்.